ஹியர்சே, டிராகன், ஹார்ப்பி: இடைவெளியில்லாத பேச்சைக் கணினி முதலில் பிடித்தது எப்படி?

சுவடிவாசி:

வணக்கம் நண்பர்களே. கைபேசியிடம் நாம் சரளமாகப் பேசுகிறோம், அது எழுதிக்கொள்கிறது. இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1952இல் பெல் ஆய்வகம் செய்த ஆட்ரி கருவியில் தொடங்குவார்கள். 1962 சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் காட்டிய ஷூபாக்ஸைத் தொட்டுவிட்டு, அப்படியே இன்றைய நியூரல் நெட்வொர்க்குக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் 1971 முதல் 1976 வரை அமெரிக்காவில் நடந்த ஐந்தாண்டு வேலைதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான திருப்புமுனை. அதைப் பேசத்தான் இந்த இழை.

ஆட்ரிக்கு எண்கள் மட்டும் தெரியும். ஷூபாக்ஸுக்கு 16 சொற்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். சொல்லுக்கு முன்னும் பின்னும் மௌனம் இருந்தால், அந்தத் துண்டை வெட்டியெடுத்து வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுவிடலாம். ஆனால் மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. "எட்டு ஆடு மேயுது" என்று சொல்லிப் பாருங்கள். ஒலியலையில் மௌனம் தெரியும் இடம் "ட்ட" என்ற இரட்டிப்புக்குள்தான். "எட்டு", "ஆடு" என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை, "எட்டாடு" என்றே வந்துவிடும். மௌனத்தைப் பார்த்துச் சொல்லை வெட்டலாம் என்று கிளம்பும் கணினி முதல் சொல்லிலேயே விழுந்துவிடும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான ஆர்பா 1971இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆலன் நியூவெல் தலைமையிலான குழு இலக்கை எழுதிக் கொடுத்தது. நிறுத்தாமல் பேசும் பேச்சு, 1000 சொற்கள், ஒத்துழைக்கும் பலர் பேச வேண்டும், அமைதியான அறை, நல்ல மைக், செயற்கையாகக் கட்டுப்படுத்திய இலக்கணம், கேள்வியின் பொருளைத் தவறாகப் பிடிக்கும் பிழை 10 விழுக்காட்டுக்குக் கீழே, நொடிக்கு 10 கோடி கட்டளைகள் இயக்கும் கணினியில் பேசும் நேரத்தைப் போலச் சில மடங்கு நேரத்துக்குள் பதில். அன்று அவர்கள் கையில் இருந்த பிடிபி-10 கணினி நொடிக்கு ஐந்து லட்சம் கட்டளைகளைக்கூடத் தொடவில்லை. வரப்போகும் கணினியை நம்பி வைத்த இலக்கு அது.

1976 இறுதியில் அந்த இலக்கைத் தெளிவாகத் தாண்டியது ஒன்றே ஒன்று: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லவர் கட்டிய ஹார்ப்பி. 1011 சொற்கள், மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், 184 வாக்கியங்கள், பிழை 5 விழுக்காடு.

என் கருத்து இது: ஹார்ப்பி சொல்லெல்லையைக் கண்டுபிடித்து வெல்லவில்லை. எல்லை எங்கே என்ற முடிவையே எடுக்காமல், வாக்கியம் முடியும் வரை தள்ளிப்போட்டு வென்றது. இந்தத் துறையின் அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த ஒரு நடத்தையின் மேல்தான் நின்றன. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.


நன்னூல் மாணவி:

அருமையான தொடக்கம் ஐயா. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதே இல்லை. பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கணம் சொல்வது இதையேதான். ஒரே ஒலித்தொடரை வெவ்வேறு இடத்தில் பிரித்தால் வெவ்வேறு பொருள். "தாமரை" பூவும்தான், தாவுகிற மரை என்ற மானும்தான். "வேங்கை" மரமும்தான், வேகின்ற கையும்தான். கேட்பவர் பின்னால் வரும் சொற்களைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்கிறார்.

என் கேள்வி: வாக்கியம் முடியும் வரை முடிவெடுக்கவில்லை என்றால், நடுவில் இருக்கும் எல்லாச் சாத்தியங்களையும் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டுமே? 1976 கணினிக்கு அவ்வளவு இடம் ஏது?


சுவடிவாசி:

//எல்லாச் சாத்தியங்களையும் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டுமே?//

நல்ல கேள்வி அம்மா. லவரின் திறமை வெளிப்பட்டது அந்த இடத்தில்தான். முதலில் வலைப்பின்னலைச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்ப்பியின் வேலை, செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்களைத் தேடித் தருவது. "இவர் எழுதிய கட்டுரை ஏதும் உண்டா", "இந்தத் தலைப்பில் எத்தனை இருக்கின்றன" என்ற வகைக் கேள்விகள். அந்த இலக்கணத்தில் அமையக்கூடிய எல்லா வாக்கியங்களையும் முன்கூட்டியே ஒரே வலைப்பின்னலாகப் பின்னிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு, அதை மக்கள் உச்சரிக்கும் பல விதங்களையும் ஒலித்துண்டுகளாக அந்த இடத்தில் செருகினார்கள். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஓர் ஒலி மறையும், இரண்டு ஒலி ஒன்றாகும் அல்லவா, அதற்கும் விதி எழுதி வலையிலேயே கலந்துவிட்டார்கள். முடிவில் கிடைத்தது சுமார் 15,000 நிலைகள் கொண்ட ஒரே வலை. இதைத் தயாரிக்கவே கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. ஆனால் ஒருமுறை தயாரானால் போதும்.

பேச்சு வந்ததும் அதைச் சிறு துண்டுகளாக்கி, 98 ஒலி மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வலையில் எந்தெந்த நிலையில் இப்போது இருக்கலாம் என்று மதிப்பெண் போடுவார்கள். எல்லாவற்றையும் வைத்திருப்பதில்லை. அந்த நொடியில் முதலிடத்தில் இருக்கும் பாதையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் தங்கும், ரொம்பப் பின்தங்கியவை கழியும். முதலிடத்தில் இருப்பது பின்னால் தோற்றாலும் பரவாயில்லை, இரண்டாவது பாதை இன்னும் உயிரோடு இருக்கும். வாக்கியம் முடிந்ததும் வென்ற பாதையின் வழியே பின்னோக்கிப் போனால், சொற்கள் எவை, எங்கே பிரிந்தன என்று தானாகவே தெரிந்துவிடும். இதற்குத்தான் பிறகு பீம் தேடல் என்று பெயர் வந்தது. இன்றைக்கு மொழிபெயர்ப்பு மென்பொருள் வரை இந்தப் பெயர் ஓடுகிறது.


தரவுப்பித்தன்:

இதில் எனக்கு முழு உடன்பாடில்லை தோழரே. ஹார்ப்பியின் வெற்றியைப் பெரிதாக்குகிறீர்கள். அது கேட்டது 1011 சொல் என்றாலும், ஒரு இடத்தில் அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரியாக 33தான். அதாவது ஆயிரம் சொல்லில் ஒன்றைத் தேடவில்லை, முப்பத்துச் சொச்சத்தில் ஒன்றைத் தேடியது. அதே திட்டத்தில் பிபிஎன் நிறுவனம் கட்டிய ஹ்விம் அமைப்பு பயணச் செலவுக் கணக்கு பற்றிய கேள்விகளுக்கானது. 1097 சொற்கள். அங்கே அடுத்து வரக்கூடியவை சராசரி 195. அது 44 விழுக்காடு வாக்கியங்களைச் சரியாகப் புரிந்துகொண்டது. அதே திட்டத்தில் எஸ்டிசி என்ற நிறுவனம் கட்டிய அமைப்புக்கு 105, அது 24 விழுக்காடு. வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, எளிய தாள் எழுதியவர் முதல் மதிப்பெண் என்று அறிவிப்பது என்ன நியாயம்?

உண்மையான திருப்புமுனை ஐபிஎம்மில்தான் நடந்தது. 1972இல் ஃபிரெட் ஜெலினெக் அங்கே வந்தார். மொழியியலாளர் இல்லை, தகவல் கோட்பாட்டுக்காரர். லலித் பாஹ்ல், ராபர்ட் மெர்சர் போன்றவர்களோடு சேர்ந்து அவர் கேள்வியையே மாற்றினார். "இந்த ஒலி எந்தச் சொல்?" என்று கேட்கவில்லை. "இரைச்சலான கம்பி வழியே ஒரு வாக்கியம் வந்திருக்கிறது, அனுப்பப்பட்டிருக்க அதிக வாய்ப்புள்ள வாக்கியம் எது?" என்று கேட்டார். இலக்கணத்தைக் கையால் எழுதாமல் எழுத்துத் தரவிலிருந்து எண்ணி எடுத்தார். லேசர் காப்புரிமை ஆவணங்களிலிருந்து எடுத்த வாக்கியங்களை வாசிக்க வைத்துச் சோதித்தார்கள். அது யாரோ உட்கார்ந்து வகுத்த செயற்கை இலக்கணம் இல்லை, மனிதர் எழுதிய இயல்பான ஆங்கிலம்.


சுவடிவாசி:

அந்த எண்களை எடுத்து வைத்ததற்கு நன்றி தோழர். 33, 105, 195 என்பதை ஏற்கிறேன். டென்னிஸ் கிளாட் 1977இல் எழுதிய மதிப்பாய்விலேயே இந்த வேறுபாடு வந்துவிட்டது. பொதுவான தேர்வு வைக்காதது அந்தத் திட்டத்தின் பெரிய குறை. 1980களில் திரும்பப் பணம் கொடுத்தபோது எல்லோருக்கும் ஒரே தரவு, ஒரே சோதனை என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஹார்ப்பியையும் ஜெலினெக்கையும் எதிரெதிரே நிறுத்த முடியாது. இருவருக்கும் நடுவில் ஜேம்ஸ் பேக்கர் நிற்கிறார். அவர் கார்னகி மெலனில் பேச்சு ஆய்வுக் குழுவை நடத்திய ராஜ் ரெட்டியின் மாணவர். அதற்கு முன் பிரின்ஸ்டனில் இருந்த ஐடிஏ என்ற நிறுவனத்தில் லியோனார்டு பாம் குழு செய்த ஹிட்டன் மார்க்கோவ் மாடல் கணக்கை (வெளியே தெரிவதை வைத்து, உள்ளே மறைந்திருக்கும் நிலைகளின் வரிசையை நிகழ்தகவால் ஊகிப்பது) அறிந்தவர். 1975இல் அவர் முடித்த டிராகன் அமைப்புதான் அந்தக் கணக்கைப் பேச்சுக்குக் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் ஒன்று. டிராகன் ஒரு பாதையையும் கழிக்காது. வலையின் எல்லா நிலைகளையும் ஒவ்வொரு நொடியும் கணக்கிடும். துல்லியம் இருந்தது, வேகம் இல்லை. அதே துறையில் இருந்த இன்னொரு அமைப்பான ஹியர்சே-1 வேகமானது, ஆனால் ஒரு முடிவில் தவறினால் மீள்வது கடினம். லவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். டிராகனின் வலையை எடுத்துக்கொண்டு, பின்தங்கிய பாதைகளைக் கழிக்கும் உத்தியைச் சேர்த்தார். ஹார்ப்பி பிறந்தது.

பேக்கரும் அவர் மனைவி ஜேனட் பேக்கரும் அப்புறம் ஐபிஎம்முக்கே போனார்கள், ஜெலினெக் குழுவுக்கு. ஆக ஒரே ஆற்றின் இரண்டு கிளைகள் இவை.


ஒலிப்பொறி:

ஒலியியல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். இந்தத் திட்டம் ஏன் "பேச்சறிதல்" என்று சொல்லாமல் "பேச்சுப் புரிதல்" என்று பெயர் வைத்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

கிளாட், ஸ்டீவன்ஸ் இருவரும் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருவரும் ஒலியியலில் பெரிய கைகள். பேச்சின் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை (ஒலியின் அதிர்வெண்கள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) மட்டும் பார்த்து, காதால் கேட்காமல், ஒலிகளை எழுத முயன்றார்கள். மூன்றில் ஒரு பங்கு ஒலிகளைத்தான் முழுமையாகச் சரியாக எழுத முடிந்தது. அதே ஆட்கள், சொற்பட்டியலும் வாக்கிய அறிவும் கையில் இருக்கும்போது 96 விழுக்காடு சொற்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இதைப் படித்த அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒலியில் தகவல் பாதிதான் இருக்கிறது, மீதியை இலக்கணமும் பொருளும் உலக அறிவும்தான் நிரப்ப வேண்டும் என்று. ஹியர்சே-1க்கு அடுத்து வந்த ஹியர்சே-2, ஹ்விம் எல்லாம் இந்த நம்பிக்கையில் கட்டப்பட்டவை.

சில ஆண்டுகள் கழித்து விக்டர் ஸ்யூ என்ற ஆய்வாளர் வந்தார். அவர் ஸ்பெக்ட்ரோகிராம் வாசிப்பதை விடாமல் பயிற்சி செய்தவர். படத்தைப் பார்த்தே பெரும்பாலான ஒலிகளைச் சரியாகச் சொன்னார், அர்த்தமில்லாத சொற்கள் கலந்திருந்தாலும் சொன்னார். அதற்குப் பிறகு பலர் மனம் மாறியது. தகவல் ஒலியிலேயே நிறைய இருக்கிறது, நமக்கு அதை எடுக்கத் தெரியவில்லை என்று புரிந்தது. தரவிலிருந்து ஒலி மாதிரிகளைக் கற்பது ஏன் வென்றது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.


தரவுப்பித்தன்:

ஒலிப்பொறி அண்ணா, இந்தச் சோதனை எனக்குத் தெரியாது. மிகவும் பயனுள்ள தகவல். அப்படியென்றால் ஹியர்சே-2 முழுக்கத் தவறான நம்பிக்கையில் கட்டியது என்று சொல்லலாமா?


சுவடிவாசி:

தவறான நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஹியர்சே-2 எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹியர்சே-1. அதன் வேலை சதுரங்கம். ஆள் வாயால் காயை நகர்த்தச் சொல்லுவார், கணினி ஆடும். 31 சொற்கள்தான். ஆனால் அதன் அழகு எதில் என்றால், பலகையில் காய்கள் இப்போது இருக்கும் நிலையில் எந்த நகர்த்தல் செல்லும், எது நல்ல ஆட்டம் என்று ஒரு சதுரங்க நிரல் சொல்லும். காதில் விழுந்தது குதிரையா யானையா என்று குழப்பமாக இருந்தால், அந்த இடத்துக்குக் குதிரை போகவே முடியாது என்று சதுரங்க அறிவு தீர்த்துவைக்கும். பேச்சைக் கேட்கும் கணினி பேசப்படும் விஷயத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை நேரில் காட்டியது அது.

ஹியர்சே-2இல் லீ எர்மன், ஹேய்ஸ்-ராத், விக்டர் லெஸ்ஸர், ராஜ் ரெட்டி ஆகியோர் இதைப் பெரிதாக்கினார்கள். நடுவில் "கரும்பலகை" என்ற பொது நினைவகம். அதில் அடுக்குகள்: அடியில் ஒலி அளவுகள், மேலே ஒலித்துண்டு, அசை, சொல், சொற்தொடர், சொற்றொடர் அமைப்பு. ஒவ்வொரு அடுக்கையும் அறிந்த தனித்தனி நிரல்கள் சுற்றி இருக்கும். யாரும் யாரோடும் நேரடியாகப் பேச மாட்டார்கள். தனக்குத் தோன்றிய ஊகத்தைப் பலகையில் எழுதுவார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் தன் ஊகத்தை எழுதுவார். வாக்கியத்தின் இடது ஓரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. நடுவில் தெளிவாகக் கேட்ட ஒரு சொல்லைத் தீவாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் விரியலாம். அவர்கள் 1980இல் எழுதிய கட்டுரையில் "ஃபைகன்பாமும் ஃபெல்ட்மனும் எழுதியவை ஏதும் உண்டா" என்ற ஒரே கேள்வியை எடுத்து, எந்த நொடியில் எந்த நிரல் எதை ஊகித்தது என்று வரிசையாகக் காட்டியிருப்பார்கள். ஒரு துப்பறியும் கதையைப் போலப் படிக்கலாம்.

அதன் முடிவு ஹார்ப்பியை விடக் கொஞ்சம் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் தோற்ற அமைப்பு இல்லை. கேள்வியின் பொருளை அது பத்தில் ஒன்பது முறை சரியாகப் பிடித்தது. சரி, கரும்பலகை முறை பேச்சை விட்டு வேறு இடங்களுக்குப் போய் வாழ்ந்தது. கடலுக்கடியில் சோனார் ஒலியைக் கேட்டு எந்தக் கப்பல் என்று சொல்லும் ஹாஸ்ப் அமைப்பு இதே முறையில் கட்டியதுதான்.

இங்கே என் முதல் கருத்துக்குத் திரும்ப வருகிறேன். ஹியர்சே-2 அறிவைப் பல நிரல்களாகப் பிரித்து, ஓடும்போது யார் எப்போது பேச வேண்டும் என்று தீர்மானிக்கச் செலவழித்தது. ஹார்ப்பி அத்தனை அறிவையும் ஓடுவதற்கு முன்பே ஒரே வலையில் உருக்கி ஊற்றிவிட்டது. அறிவு இரண்டிலும் இருந்தது. ஹார்ப்பியில் இலக்கணம் இருந்தது, உச்சரிப்பு இருந்தது, புணர்ச்சி இருந்தது. அறிவைத் தூக்கி எறிந்ததால் அது வெல்லவில்லை.


கிண்டி வாசி:

ராஜ் ரெட்டி பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் எங்கள் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1958இல் சிவில் இன்ஜினியரிங் முடித்தார். சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர், குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பிறகு ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், அங்கேயே ஐபிஎம்மில் வேலை, அப்புறம் ஸ்டான்ஃபோர்டு. ஜான் மெக்கார்த்தியிடம் 1966இல் முனைவர் பட்டம் வாங்கியதே தொடர்பேச்சு பற்றித்தான். அந்தக் காலத்தில் இதை ஆய்வுத் தலைப்பாக எடுப்பதற்கே துணிச்சல் வேண்டும். ஸ்டான்ஃபோர்டிலேயே பியர் விசென்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து, வாயால் சொன்னபடி கட்டைகளை எடுத்து வைக்கும் இயந்திரக் கையைக் காட்டினார். 1969இல் கார்னகி மெலன் போனார். 1994இல் எட்வர்டு ஃபைகன்பாமோடு, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது.

ஹியர்சே, டிராகன், ஹார்ப்பி மூன்றும் அவர் குழுவில் பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரான கொள்கைகள். ஒரு ஆசிரியர் தன் கொள்கைக்கு எதிரான வழியில் போகும் மாணவருக்கும் இடமும் கணினி நேரமும் கொடுத்தார். பத்தாண்டுக்கு மேல் கழித்து 1988இல் கை-ஃபூ லீ என்ற மாணவர் கட்டிய ஸ்ஃபிங்க்ஸ் அமைப்புக்கும் அப்படித்தான். புதிய ஆள் வந்தால் பழக்கப்படுத்தவே தேவையில்லாமல், சுமார் ஆயிரம் சொற்களில், நிறுத்தாத பேச்சைப் பிடித்தது அது. ரெட்டியைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் நான் முதலில் சொல்வேன், விருதுகளை இல்லை.


ஒலிப்பொறி:

முற்றிலும் உண்மை ஐயா. ஸ்ஃபிங்க்ஸ் பற்றிச் சொன்னதும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். ஹார்ப்பிக்குப் புதிய ஆள் பேச வேண்டும் என்றால் அவர் முதலில் இருபது முப்பது வாக்கியங்கள் வாசித்துக் கொடுக்க வேண்டும், அவர் குரலுக்கு ஏற்றபடி அந்த 98 மாதிரிகளையும் திருத்துவார்கள். ஸ்ஃபிங்க்ஸ் பலருடைய குரலில் கற்றுக்கொண்டு வந்தது.


அறிவன்:

இழையை முதலிலிருந்து படித்தேன். யாரும் ஜான் பியர்ஸ் பற்றிச் சொல்லவில்லையே? பெல் ஆய்வகத்தின் பெரிய தலை. 1969இல் அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் ஒரு கடிதம் எழுதினார். பேச்சறிதல் ஆய்வு உருப்படாத வேலை, பணத்தை ஈர்ப்பதில்தான் அது வல்லது, தண்ணீரைப் பெட்ரோலாக்குகிறேன் என்பவர்களின் வரிசையில் இதையும் வைக்கலாம் என்ற தொனி. பெல் ஆய்வகத்தில் அந்த வேலையே நின்றுபோனது. நேர்மையாகச் சொன்னால், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். மொழியறிவு இல்லாமல் வெறும் ஒலியை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது என்றார். அதே காரணத்தைத்தானே இரண்டு ஆண்டு கழித்து ஆர்பா திட்டம் தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது?


சுவடிவாசி:

அறிவன் சார், அதில் பாதி நியாயம்தான். சோதனை முறை இல்லாமல் ஆளாளுக்கு ஒரு கருவியைக் காட்டிப் பெருமை பேசியதை அவர் கண்டித்தது சரி. ஆனால் வேலையையே நிறுத்தியது பெரிய இழப்பு. அதே காலத்தில் வேறு இடங்களில் அடிப்படைக் கணிதம் வளர்ந்துகொண்டிருந்தது. கீவ் நகரத்தில் தாராஸ் வின்ட்சுக் 1968லேயே, ஒருவர் வேகமாகவும் இன்னொருவர் மெதுவாகவும் சொன்ன ஒரே சொல்லை டைனமிக் புரோகிராமிங் (சிறு பகுதிகளின் சிறந்த விடைகளைச் சேர்த்து முழு விடையைக் காணும் கணக்கு முறை) கொண்டு நீட்டிச் சுருக்கிப் பொருத்தும் வழியை எழுதிவிட்டார். மேற்கில் அது பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. ஜப்பானில் என்இசி நிறுவனத்தின் சகோவே, சிபா இருவரும் தனியாக அதே வழிக்கு வந்து, பிறகு தொடர்ந்து சொல்லும் எண்களுக்கும் அதை விரித்தார்கள். அதிலும் பாருங்கள், எண்களுக்கு நடுவே எல்லையை முதலில் வெட்டுவதில்லை. எல்லாப் பிரிப்புகளையும் கணக்கிட்டு, மொத்தத்தில் சிறந்ததை எடுக்கிறார்கள். அமெரிக்கா, சோவியத், ஜப்பான் மூன்று இடங்களிலும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது என் வாதத்துக்கு வலுவான சான்று.


முத்துநகர்:

நான் கணினி ஆள் இல்லை. 2000 வாக்கில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தேன். அமெரிக்க மருத்துவர்கள் மூச்சு விடாமல் பேசிய ஒலிநாடாக்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வோம். டிராகன் மென்பொருள் வந்துவிட்டது, வேலை போய்விடும் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டோம். இங்கே சொல்லும் 1975 டிராகனும் அதுவும் ஒன்றா? 1975லேயே தொடர்பேச்சு முடிந்தது என்றால், கடைக்கு வர ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது?


தரவுப்பித்தன்:

பெயர் அதுதான் அண்ணே, ஆட்களும் அவர்கள்தான். பேக்கர் தம்பதி 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990இல் அவர்கள் விற்ற டிராகன் டிக்டேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பேசக்கூடிய நேச்சுரலி ஸ்பீக்கிங் வந்தது 1997இல்.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்குப் பதில் மேலே உள்ள எண்களில் இருக்கிறது. ஆயிரம் சொல், கட்டுப்படுத்திய கேள்விகள் என்றால் வலை 15,000 நிலையில் அடங்கும். மருத்துவரோ வழக்கறிஞரோ கடிதம் சொல்லும்போது அடுத்த சொல் எதுவாகவும் இருக்கலாம். பல்லாயிரம் சொற்கள், ஒவ்வொன்றும் எந்த நொடியிலும் தொடங்கலாம், எந்த நொடியிலும் முடியலாம். மேசைக் கணினிக்கு அந்தக் கணக்கு தாங்காது. அதனால்தான் ஐபிஎம்மும் 1980களில் டாங்கோரா அமைப்பில் சொற்களை 5,000, பிறகு 20,000 என்று கூட்டினாலும், நிறுத்தி நிறுத்திப் பேசுவதற்குத் திரும்பிப் போனது. நிறுத்தினால் எல்லைக் கேள்வி தீர்ந்துவிடும், கணக்கு பல மடங்கு குறையும். தொடர்பேச்சை அறிந்தவர்களே அதை ஒத்திவைத்துவிட்டு, சொல் எண்ணிக்கையை முதலில் தீர்த்தார்கள். கணினியின் வேகம் வந்ததும் திரும்ப எடுத்தார்கள்.

இதை எழுதும்போது சுவடிவாசி தோழர் சொன்னதன் எடை எனக்குப் புரிகிறது. எல்லையை முடிவு செய்யாமல் வைத்திருப்பதற்கு விலை உண்டு, அந்த விலையைக் குறைத்தது பீம் தேடல். ஜெலினெக் தரவைக் கொண்டுவந்தார், அதை ஓட்டக்கூடிய அளவுக்குச் சுருக்கும் வழி கார்னகி மெலனிலிருந்து வந்தது. ஹார்ப்பியின் தேர்வு எளிது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


அறிவன்:

அப்படி இலக்கை அடைந்த பிறகும் 1976க்குப் பின் ஆர்பா ஏன் பணத்தை நிறுத்தியது?


சுவடிவாசி:

அடுத்த கட்டத்துக்கு ஆய்வாளர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இலக்கை எட்டியது உண்மையான வெற்றியா, அல்லது இலக்கணத்தை இறுக்கியதால் கிடைத்த எண்ணா என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. தரவுப்பித்தன் எழுப்பிய அதே கேள்வி. ஒரு நொடிப் பேச்சுக்கு ஹார்ப்பி ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் கட்டளைகள் ஓட்ட வேண்டியிருந்தது. நியூவெல் குழு அனுமதித்த அளவுக்குள்தான் இது. ஆனால் அவர்களின் கணினியில் ஒரு நொடிப் பேச்சுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். படை அதிகாரிக்கு இதைக் காட்டி "வேலை முடிந்தது" என்று சொல்வது கடினம். 1980களின் நடுவில்தான் அந்த நிறுவனம் பேச்சு ஆய்வுக்குத் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் குழுக்கள் கலைந்தன, பலர் வேறு துறைக்குப் போனார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமான பகுதி.

இன்னொரு தகவல்: நியூவெல் தன் குழுவின் இலக்கு எட்டப்பட்டதோடு நிற்கவில்லை. ஹார்ப்பி இவ்வளவு எளிய முறையில் எப்படிக் கேட்கிறது, மனித மூளையும் இப்படித்தான் கேட்கிறதா என்று 1978இல் ஒரு நீண்ட ஆய்வே எழுதினார்.


நன்னூல் மாணவி:

கடைசியாக ஒரு கேள்வி ஐயா. ஹார்ப்பியின் வலையில் சொற்கள் சேரும் இடத்துக்கு விதி எழுதினார்கள் என்றீர்கள். நமக்கு அந்த விதிகள் புணரியலில் தயாராகவே இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒரு வலை பின்னியிருக்க முடியுமா? இந்தியாவில் யாராவது அந்தக் காலத்தில் முயன்றார்களா?


ஒலிப்பொறி:

இந்தியாவில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பி.வி.எஸ். ராவ் குழு நீண்ட காலம் பேச்சு ஆய்வு செய்தது, இந்திக்கு அமைப்பும் கட்டியது. பேராசிரியர் யக்ஞநாராயணா 1970களின் இறுதியில் கார்னகி மெலனில் வருகைதரு ஆசிரியராக இருந்தவர். பிறகு சென்னை ஐஐடியில் பேச்சுக்கென்று ஒரு குழுவையே வளர்த்தார். அங்கே 1980களில் எடுத்துக்கொண்டதும் இந்தியைத்தான்.

தமிழுக்கு உங்கள் யோசனை பாதி எளிது, பாதி கடினம். புணர்ச்சி விதிகள் அப்படியே வலைக்குள் போகும், ஆனால் எழுத்துத் தமிழின் விதிகள் போதாது. "வந்துகொண்டிருக்கிறான்" என்பது வாயில் "வந்துட்டிருக்கான்", "வந்துக்கிட்டிருக்கான்", "வந்துண்டிருக்கான்" என்று வட்டாரத்துக்கு ஒன்றாக வரும். அத்தனையையும் உச்சரிப்பு வடிவங்களாகச் செருக வேண்டும். கடினமான பாதி விகுதிகள். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் என்றால் ஏறக்குறைய ஆயிரம் வடிவம். தமிழில் ஒரே வினைச்சொல்லுக்குக் காலம், இடம், எண், பால், எச்சம் என்று விரித்தால் நூற்றுக்கணக்கில் வந்துவிடும். முழுச் சொற்களாகப் பின்னினால் வலை ஊதிப்போகும். வேர், விகுதி என்று பிரித்து, அவை சேரும் இடத்தில் உங்கள் புணரியலை வைத்தால் அடங்கும். ரயில் நேரம் விசாரிப்பது போன்ற குறுகிய பேச்சு என்றால், ஹார்ப்பி அளவு வலையிலேயே தமிழும் கட்டலாம் என்று நம்புகிறேன்.


நன்னூல் மாணவி:

மிக்க நன்றி. ரயில் விசாரணைக்கு வரும் கேள்வி வடிவங்களைப் பேச்சுத் தமிழில் பட்டியலிட்டுப் புணர்ச்சி விதிகளோடு தனி இழையில் போடுகிறேன். நெல்லை, கோவை, யாழ்ப்பாண வழக்குகள் எனக்குச் சரளமாக வராது. அந்த வட்டாரத்து நண்பர்கள் அங்கே வந்து சேர்த்துக் கொடுங்கள்.